நல்ல ஹெட்போன் எது? பேஸ், தெளிவு, சொகுசு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நாலைந்து ஹெட்போன்கள் தொங்குவதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் ஏதாவது கேட்பார்கள். அலுவலகத்திலும் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். காதை முழுதாகச் சுற்றி மூடும் பெரிய ஹெட்போன்களைப் பற்றித்தான் பேச்சு. காதுக்குள் செருகும் இயர்போன்களுக்கு வேறு கணக்கு.

பேஸும் பலமாக வேண்டும், பாடகர் குரலும் தெளிவாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்குமா?

கிடைக்கும். கீழ் ஒலிகள் எல்லாவற்றையும் பேஸ் என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், அதை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

ஏறக்குறைய 20 முதல் 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற அளவு) வரை அடி பேஸ். காதில் கேட்பதைவிட மண்டைக்குள் உருமுவது போல இருக்கும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகக் கீழான ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ், பியானோவினுடையது 27.5 ஹெர்ட்ஸ். 60 முதல் 150 வரை குத்து. டிரம்ஸ் அடி, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) எல்லாம் பெரும்பாலும் இங்கேதான். 150 முதல் 300 வரைதான் வில்லங்கமான இடம். குரலின் உடம்பும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பகுதி வீங்கினால் பாடகர் போர்வைக்குள் இருந்து பாடுவது போல ஆகிவிடும். அதிலும் நம் காதுக்கு ஒரு குணம் உண்டு: கீழ் ஒலி தனக்கு மேலே இருக்கும் ஒலியை எளிதாக மறைத்துவிடும், மேல் ஒலியால் கீழ் ஒலியை அந்த அளவுக்கு மறைக்க முடியாது. அதனால்தான் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று அட்டையில் அச்சடித்து வரும் பலவற்றில் வயலின், குரல், ஜால்ரா எல்லாம் மங்கிப்போகின்றன.

ஆக, பேஸும் தெளிவும் வேண்டுமென்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தாராளமாகவும் 200 பக்கம் ஒல்லியாகவும் இருக்கும் ஹெட்போனைத் தேட வேண்டும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஒலிவ், டாட் வெல்ட்டி ஆகியோர் 2012 வாக்கில் தொடங்கி பலரைக் கேட்கவைத்து நடத்திய ஆய்வுகளில், பெரும்பாலானவர்களுக்குப் பிடித்த ஒலிவடிவமும் ஏறக்குறைய இதுதான்: நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பது போன்ற சமநிலை, அடியில் மட்டும் சில டெசிபல் (சத்தத்தின் அளவு) கூடுதல். 'ஹார்மன் டார்கெட்' என்று விமர்சனங்களில் வருவது இதைத்தான். எல்லோருக்கும் அது பிடிக்கும் என்றில்லை. இன்னும் கொஞ்சம் பேஸ் கேட்பவர்களும் உண்டு, குறைத்தால் தேவலை என்பவர்களும் உண்டு.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். நல்ல பதிவாக ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் எடுங்கள். தொப்பியில் ரவை பூசிய பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது ஒலி வளைந்து மேலே ஏறும். கும்கி என்பார்கள். அந்த வளைவு முழுவதும் காதில் விழ வேண்டும். வெறும் 'தொம்' மட்டும் கேட்டால் அங்கே பேஸ் நிறைய இருக்கிறது, கட்டுப்பாடு இல்லை.

கடையில் கேட்டபோது பேஸ் அதிர்ந்தது. வீட்டுக்கு வந்தால் காணோம். ஏமாற்றிவிட்டார்களா?

அநேகமாக இல்லை. காரணம் காதைச் சுற்றி இருக்கும் குஷனில் இருக்கும்.

ஹெட்போனின் பேஸ், குஷனுக்கும் தலைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் காற்றை நம்பி இருக்கிறது. எங்காவது சிறு இடைவெளி விட்டால் முதலில் வெளியேறுவது அடி பேஸ்தான். மூக்குக்கண்ணாடியின் தடித்த காம்பு, காது மேல் விழும் முடி, தோடு, ஜிமிக்கி, தாடை எலும்பின் வளைவு, எது வேண்டுமானாலும் இடைவெளி உண்டாக்கும். என் மாமனார் ஒரு மாதமாக 'இதில் பேஸே இல்லை மாப்பிள்ளை' என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள் மாமா என்றேன். கழற்றியவர் புருவத்தை உயர்த்தினார். அவருக்கு மெல்லிய உலோகக் காம்பு வைத்த கண்ணாடி மாற்றிக் கொடுத்தோம், ஹெட்போனை மாற்றவில்லை.

நீங்களும் பாட்டு ஓடும்போது இரண்டு கையாலும் குஷன்களை லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். பேஸ் சட்டென்று கூடினால் உங்களுக்கு ஒட்டுதல் சரியில்லை. அந்த மாடல் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் உங்கள் தலைக்கு அது இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. கடையில் சத்தமாக வைத்துக் காட்டுவார்கள். சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை மற்றதைவிட வேகமாக இழக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மெதுவாகக் கேட்பவருக்குக் கடையில் கேட்ட அதே பேஸ் வராது.

ஓபன் பேக்கா, க்ளோஸ்டு பேக்கா?

முதுகுப்புறம் சல்லடை போல் திறந்திருப்பது ஓபன், மூடியிருப்பது க்ளோஸ்டு. 1968-இல் சென்ஹைசர் எச்டி 414-ஐ இப்படித்தான் கொண்டுவந்தது. ஒலி வெளியே போவதால் உள்ளே எதிரொலித்துக் குழம்புவதில்லை. இசை தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் வெளியே விரிந்து நிற்கும். காதும் வேகாது. குறை என்னவென்றால், பெரும்பாலான ஓபன் ஹெட்போன்களில் 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சரிந்துவிடும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் நீங்கள் கேட்பது கேட்கும்.

யாரும் சொல்லாத ஒன்று மின்விசிறி. ஓபன் ஹெட்போனை விரும்பி எழுதப்பட்ட விமர்சனங்களில் பெரும்பங்கு குளிர் நாடுகளின் அமைதியான அறைகளில் உட்கார்ந்து எழுதியவை. நம் ஊரில் சீலிங் ஃபேன் நாலில் ஓடாமல் மே மாதத்தில் யார் பாட்டுக் கேட்பது? அந்த 'விர்ர்' என்ற சத்தம் ஓபன் ஹெட்போனுக்குள் தாராளமாக நுழைந்து, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நுணுக்கங்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். சத்தமில்லாத ஏசி அறை இருந்தால் ஓபன். தெருவோரம் வீடு, ஃபேன், குக்கர் விசில் என்றால் க்ளோஸ்டு.

பிளேனர் என்கிறார்களே, அது என்ன? பேஸுக்கு அதுதான் சிறந்ததா?

ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் பாகம்தான் டிரைவர். சாதாரண டைனமிக் டிரைவர் ஒரு குட்டி ஸ்பீக்கர் மாதிரி: நடுவில் சுருள், அது கூம்பைத் தள்ளும். பிளேனரில் மெல்லிய தாள் போன்ற படலத்தின் மேலேயே மின்கம்பி வரைந்திருக்கும், காந்தங்களின் வரிசை அதைப் பரப்பு முழுவதும் ஒரே சீராக ஆட்டும். அதனால் ஓபனாக இருந்தாலும், குஷன் நன்றாக ஒட்டியிருந்தால், பேஸ் 20, 30 ஹெர்ட்ஸ் வரை சரியாமல் போகும், திரிபும் (ஒலி சிதைவது) குறைவு. தவில் அடியின் முனை கூர்மையாகக் கேட்கும். 'குத்து' மட்டும் டைனமிக்கில்தான் நிஜமாக இருக்கிறது என்பவர்கள் உண்டு. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றுகிறது, நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

இதற்குக் கொடுக்கும் விலை எடை. காந்தங்கள் கனம். ஆடஸி எல்சிடி-எக்ஸ் 612 கிராம். ஹைஃபைமேன் சுந்தரா 372 கிராம். ஒப்பிட்டுச் சொன்னால் சென்ஹைசர் எச்டி 600 வெறும் 260 கிராம். அரைக் கிலோவுக்கு மேல் இருந்த ஒரு பிளேனரை ஆசையாக வாங்கி ஆறு மாதம் வைத்திருந்தேன். ஒலி அருமை. மூன்றாவது பாட்டில் பிடரி வலிக்கத் தொடங்கும். கடைசியில் சாய்வு நாற்காலியில் தலையை முட்டுக் கொடுத்துக் கேட்டேன், பிறகு விற்றேன்.

சொகுசை எப்படிப் பார்ப்பது? கடையில் ஐந்து நிமிடம் போட்டால் எல்லாமே சொகுசாகத்தான் இருக்கிறது.

ஐந்து நிமிடத்தில் எதுவும் தெரியாது, நாற்பது நிமிடம் வேண்டும். முடிந்தால் பாட்டே இல்லாமல் போட்டுக்கொண்டு கடையில் சுற்றுங்கள், பாட்டு இருந்தால் கவனம் அதில் போய்விடும்.

பார்க்க வேண்டியவற்றில் எடை ஒன்று. ஆனால் எடை எங்கே விழுகிறது என்பது அதைவிடப் பெரிது. உச்சந்தலையில் ஒரே புள்ளியில் உட்கார்ந்தால் 300 கிராமே ரம்பம் போடும். அகலமான தொங்குபட்டை இருந்தால் 450 கிராமைக்கூடத் தாங்கலாம். அடுத்தது பக்கவாட்டுப் பிடி. புதிய எச்டி 600 தலையை இடுக்கி போல் பிடிக்கும். அதை இரவில் புத்தக அடுக்கின் மேல் விரித்து மாட்டி வைத்துத் தளர்த்துபவர்கள் நிறைய. தளர்த்தலாம், ரொம்பத் தளர்த்தினால் ஒட்டுதல் போய் பேஸும் போய்விடும். பிடி இறுக்கமாக இருப்பது சும்மா இல்லை.

பிறகு குழியின் ஆழம். காது மடல் உள்ளே இருக்கும் துணியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் சிவந்துவிடும். கொஞ்சம் விடைத்த காதுகள் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் குஷனின் துணி. செயற்கைத் தோல் பேஸை நன்றாக அடைக்கும், ஆனால் வேர்க்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஒன்றிரண்டு வருடத்தில் கறுப்புக் கறுப்பாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டும். வெல்வெட் போன்ற வெலூர் துணி காற்றோட்டமானது, பேஸ் கொஞ்சம் கசியும், தூசியையும் முடியையும் பிடித்துக்கொள்ளும். என் ஓட்டு வெலூருக்கு.

32 ஓம், 80 ஓம், 250 ஓம் என்று ஒரே மாடலில் மூன்று வருகிறதே?

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவைக் கேட்கிறீர்கள். ஜெர்மனியில் ஹைல்புரோன் நகரத்து நிறுவனம். க்ளோஸ்டு பேக், 270 கிராம், ஸ்டுடியோக்களில் தேய்ந்த மாடல். ஓம் என்பது மின்தடையின் அளவு. அது கூடினால் தரம் கூடும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அப்படி இல்லை. மின்தடை கூடினால் அதே சத்தத்துக்கு அதிக வோல்ட் தேவை, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் கொடுக்கும். போனில் செருகும் சின்ன டாங்கிள் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 250 ஓமில் அது 4 மில்லிவாட், அதாவது 102 டெசிபல். இன்றைய திரைப்பாடல்களுக்குப் போதும். மெதுவாகப் பதிவான பழைய கச்சேரிகளுக்கு முக்கும். அதே 1 வோல்ட் 32 ஓமில் 31 மில்லிவாட் ஆகிவிடும், எதற்கும் போதும். எனவே போனில் மட்டும் கேட்பவர் 32 அல்லது 80 வாங்கட்டும். மேசையில் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) வைத்திருப்பவர் 250 வாங்கலாம்.

அப்படியானால் தனி ஆம்ப், டாக் (டிஜிட்டல் பாட்டை ஒலிக்கான மின்சாரமாக மாற்றும் பெட்டி) எல்லாம் வாங்க வேண்டுமா?

முழு வால்யூமிலும் சத்தம் போதவில்லை என்றால் வாங்குங்கள். சத்தம் போதும் என்றால், ஹெட்போன் பட்ஜெட்டில் பாதியைப் பெட்டிகளில் போடாதீர்கள். ஒன்றைக் கவனியுங்கள். ஆம்பின் வெளியீட்டு மின்தடை ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். பழைய ஸ்டீரியோ ரிசீவர்களின் ஹெட்போன் துளையில் இது நூறு ஓமைத் தாண்டும், அதில் பல டைனமிக் ஹெட்போன்களுக்கு மத்திய பேஸ் வீங்கிவிடும். சிலர் அதைத்தான் 'அந்தக் காலத்து கதகதப்பு' என்று ரசிக்கிறார்கள். ரசிக்கட்டும்.

ப்ளூடூத் ஹெட்போன் வாங்கினால் தரம் போய்விடுமா?

முன்பு அளவுக்கு இல்லை. சிடியின் அளவு விநாடிக்கு 1,411 கிலோபிட். ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் ஒன்றான சோனியின் எல்டாக் உச்சத்தில் 990 வரை அனுப்பும். ஐபோனில் எல்டாக் கிடையாது, ஏஏசி என்ற இன்னொரு முறைதான். அதிலும் பேருந்தில் உட்கார்ந்து கேட்கையில் உங்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியும் என்று பந்தயம் கட்டமாட்டேன்.

நாய்ஸ் கேன்சலிங் (வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி) வேண்டும் என்றால் பெரும்பாலும் ப்ளூடூத்தான் வழி. பேருந்து எஞ்சின், விமானம், ஃபேன், ஏசி போன்ற ஒரே சீரான கீழ் ஒலிகளை அது நன்றாக விழுங்கும். பக்கத்து இருக்கைப் பேச்சை அந்த அளவுக்கு விழுங்காது. 1978-இல் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சல் தாங்காமல் அமர் போஸ் அங்கேயே கணக்குப் போட உட்கார்ந்ததில் பிறந்தது அவர் நிறுவனத்தின் இந்தத் தொழில்நுட்பம். அவருடைய அப்பா வங்காளத்துக்காரர். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்களில் இன்னொரு நன்மை, உள்ளே ஒரு மைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் கண்ணாடிக் காம்பால் கசியும் பேஸை ஓரளவு ஈடு செய்துவிடும். சொகுசுக்கு மட்டும் எடையைப் பாருங்கள்: சோனி எக்ஸ்எம் 5 250 கிராம், ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம்.

குறை பேட்டரி. இருபது வருட ஒயர் ஹெட்போன் இன்றும் பாடும், ப்ளூடூத் அப்படி நிற்காது.

ஈக்வலைசர் போடுவது தப்பா? நல்ல ஹெட்போனுக்கு அது தேவைப்படக் கூடாது என்கிறார்களே.

நல்ல சமையலுக்கு மேசையில் உப்பு வைக்கக் கூடாது என்பது மாதிரிப் பேச்சு. தாராளமாகப் போடுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4, 5 டெசிபல் ஏற்றினால் பல தெளிவான ஹெட்போன்கள் ஆளே மாறிவிடும். ஏற்றும் அளவுக்கு மொத்த ஒலியை முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உச்சத்தில் கரகரக்கும். பிளேனர்கள் இந்த ஏற்றத்தைச் சுலபமாகத் தாங்கும். ஓபன் டைனமிக்கில் ரொம்ப ஏற்றினால் பேஸ் வராது, திரிபுதான் வரும். ட்ரெபிளில், அதாவது மேல் ஒலியில், 'ச', 'ஸ' எழுத்துகள் ஊசியாய்க் குத்தினால் 6 முதல் 9 ஆயிரம் ஹெர்ட்ஸுக்குள் எங்கே மேடு இருக்கிறது என்று தேடி 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள். தெளிவு என்று நினைத்து ட்ரெபிள் மேட்டை வாங்கிவந்து அவதிப்படுகிறவர்கள் ஏராளம். முதல் நாள் 'ஆஹா, இதுவரை கேட்காத சத்தமெல்லாம் கேட்கிறது' என்பார்கள், பத்தாம் நாள் தலைவலி என்பார்கள்.

நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பண்படும் என்பது உண்மையா? விலையுயர்ந்த கேபிள்?

பண்படுவது குஷனும் உங்கள் காதும். கேபிள் நீளமாக, சிக்காமல், கழற்றி மாற்றும்படி இருந்தால் போதும்.

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். ஒன்று மற்றதைவிட 1 டெசிபல் கூடுதலாக இருந்தாலே 'இதுதான் தெளிவு' என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். பத்து வருடமாகக் கேட்டு மனப்பாடமான பாட்டுகளையே எடுத்துப் போங்கள், கடைக்காரரின் டெமோ பாட்டில் எல்லாமே இனிக்கும். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அவற்றில் பேஸ் கிட்டார் குரலுக்குக் கீழே தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டிருக்கும். குரலைக் கேட்டுக்கொண்டே அந்த மெட்டையும் உங்களால் முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள். நாதஸ்வரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மேல் ஸ்தாயியில் காது சுருங்கினால் அந்த ஹெட்போன் வேண்டாம். தம்புரா சுருதி மட்டும் ஓடும் ஒரு நிமிடமும் நல்ல சோதனை.

எவ்வளவு சத்தம் வரை பாதுகாப்பு?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. நல்ல ஹெட்போனில் திரிபு குறைவு என்பதால் சத்தம் ஏறியிருப்பதே தெரியாது. அதுதான் ஆபத்து. கழற்றியதும் காதில் 'ங்ங்' என்று கேட்டால் அன்றைக்குப் போதும்.

சரி, நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் கடைசியில் இதைத்தான் கேட்கிறார்கள். குரலும் கர்நாடக இசையும்தான் பிரதானம், அறை அமைதி, அடி பேஸ் குறைந்தாலும் சரி என்பவருக்கு எச்டி 600. 1997-இல் வந்தது, இன்னும் அதைவிட இயல்பாகக் குரலைக் காட்டும் ஒன்றை நான் கேட்கவில்லை. பேஸ் வேண்டும், ஃபேன் ஓடும், பட்ஜெட் அளவானது என்றால் டிடி 770 ப்ரோ 80 ஓம், ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். பேஸ் ஆழமாகவும் சுத்தமாகவும் வேண்டும், கழுத்து பலம் என்றால் பிளேனர், சுந்தராவில் தொடங்கலாம். அதற்கு மேலே போய் ஃபோக்கல் யுட்டோப்பியா வகையறா உயர்விலை மாடல்கள் எல்லாம் அருமையானவைதான். ஆனால் அந்த அளவு பணத்தில் வரும் முன்னேற்றம், பொருந்தும் குஷனும் சரியான ஈக்வலைசரும் தரும் முன்னேற்றத்தைவிடச் சிறியது என்பது என் கருத்து. கடையில் பிடிக்காமல் போனால் என் பேச்சை விட்டுவிடுங்கள், தலை உங்களுடையது.

வாங்கிய பிறகு பராமரிப்பு?

கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரியாதீர்கள், வேர்வை ஊறும். கேட்டு முடித்ததும் குஷனை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, காற்றாடும் இடத்தில் மாட்டுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை ஷூ பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போதே அந்த மாடலுக்கு அசல் குஷன் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். தேய்ந்து தட்டையான குஷனில் ஒட்டுதலும் ஆழமும் மாறி ஒலியும் மாறிவிடும். ஆன்லைனில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் பொதுவான குஷன் மாட்டினால் அது வேறொரு ஹெட்போன். நான் இப்போதெல்லாம் ஹெட்போன் வாங்கும்போதே ஒரு ஜோடி அசல் குஷனும் சேர்த்து வாங்கி, பிரிக்காமல் பீரோவில் போட்டுவிடுகிறேன்.